கில்லி ஓடினதுல தரணிக்கு எவ்வளவு பங்கு? ஒக்கடு பாத்தவங்க சொல்லுங்க

கபிலன்04 கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல்ல கில்லியை மறுபடி ரிலீஸ் பண்ணப்பதான் அதை முதல் தடவையா தியேட்டர்ல பாத்தேன். படம் வந்த வருஷம் பொறந்தவன் நான். டிவியில பாத்துப் பாத்து வசனமெல்லாம் மனப்பாடம், ஆனாலும் அன்னிக்குத் தியேட்டர்ல கேட்ட சத்தம் வேற. முத்துப்பாண்டி வர்ற ஒவ்வொரு தடவையும் விசில். வில்லனுக்கு அப்படி ஒரு விசில் நான் கேட்டதே இல்லை.

வெளிய வந்ததும் ஃப்ரெண்ட்ஸுக்குள்ள பெரிய சண்டை. ஒருத்தன் சொல்றான், "இதுல டைரக்டர் என்ன பண்ணாரு? குணசேகர் 2003ல தெலுங்குல எடுத்த ஒக்கடுவை அப்படியே தமிழ்ல எடுத்தாங்க. கதை அவரோடது, வில்லன் ரெண்டுலயும் பிரகாஷ்ராஜ். மிச்சம் விஜய். தரணிக்குன்னு என்ன இருக்கு?" எனக்கு அதை ஒத்துக்க முடியலை. ஆனா எதிர்த்துப் பேச என்கிட்ட விஷயமும் இல்லை. ஒக்கடு நான் இன்னும் பாக்கலை.

ரெண்டையும் அந்தந்த காலத்துல தியேட்டர்ல பாத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. ரீமேக் எடுக்கற டைரக்டருக்கு நாம என்ன மதிப்பு குடுக்கணும்? போக்கிரியையும் சேத்து யோசிங்க. அதுவும் தெலுங்கு ரீமேக்தான், அதுவும் ஓடிச்சு.

---

திருத்தணிக்காரன்:

தம்பி, இந்தக் கேள்விக்காகவே உள்ள வந்தேன். ஒக்கடு வந்தப்ப நான் சித்தூர்ல ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில வேலை பாத்தேன். வேலை ஆந்திராவுல, வீடு திருத்தணியில. எங்க பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு மொழிப் படமும் சொந்தம்தான். அந்தப் பொங்கலுக்கு சித்தூர்ல ஒக்கடு பாத்தேன், லீவுக்கு ஊருக்கு வந்து தூள் பாத்தேன். ரெண்டுலயும் தெலங்கானா சகுந்தலா. அங்க பிரகாஷ்ராஜுக்கு அம்மா, இங்க சொர்ணாக்கா. தூள் யார் படம்? தரணி படம். அடுத்த வருஷமே அதே தரணி ஒக்கடுவை எடுத்துக் கில்லி ஆக்கினார். ஆக, இந்த ரெண்டு உலகமும் அவர் கையில அப்பவே இருந்துச்சு.

ஒக்கடு எனக்கு ரொம்பப் பிடிச்ச படம். அதை இறக்கிப் பேச மாட்டேன். கதை குணசேகரோடது, அந்த மரியாதை அவருக்கு எப்பவும் உண்டு. ஆனா "அப்படியே எடுத்தாங்க"ன்னு சொல்றவங்க ஒக்கடுவை எந்த ஜனங்க பாத்தாங்கன்னு யோசிக்கணும். அப்போ தெலுங்குல ஃபேக்ஷன் படங்கதான் ராஜா. 1999ல சமரசிம்மா ரெட்டி, 2001ல நரசிம்ம நாயுடு, 2002ல ஆதி, இந்திரா. வரிசையா டாடா சுமோ, நாட்டு வெடிகுண்டு, ரெண்டு குடும்பம், தலைமுறைப் பகை. கர்னூல், கடப்பா, அனந்தபூர் பக்கம் அது நிஜமாவே நடந்த ஒண்ணு. அதனால ஒக்கடு வில்லன் ஒபுல் ரெட்டி மாதிரி ஒரு ஆளைத் திரையில காட்டினா போதும், அவன் எப்படிப்பட்டவன்னு ஒரு வார்த்தை விளக்க வேண்டாம். பேரைக் கேட்டதும் பயம் வந்துடும்.

எங்க ஃபேக்டரியில ஷிஃப்ட் பாத்துக்கிட்டவர் கர்னூல்காரர். என்னைவிட வயசுல பெரியவர், அண்ணாருன்னுதான் கூப்பிடுவேன். அவரோடதான் ஒக்கடு பாத்தேன். கர்னூல் ஊர் நடுவுல கொண்டாரெட்டி புருஜுன்னு ஒரு பழைய கோட்டைக் கொத்தளம் இருக்கு. அது முன்னாடிதான் மகேஷ் பாபு பிரகாஷ்ராஜை அடிப்பார். அந்தக் கொத்தளம் திரையில வந்ததும் அண்ணாரு சீட்டை விட்டு எழுந்துட்டாரு. அடி விழுந்ததும் தியேட்டரே இடிஞ்ச மாதிரி சத்தம். ஆனா அவர் கத்தலை. ரெண்டு கையையும் முன் சீட்டு மேல வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. வெளிய வந்து டீ குடிக்கும்போது கேட்டேன். "எங்க ஊர்ல அந்த மாதிரி ஆளு மேல ஒருத்தன் கை வெப்பானா? வச்சுட்டு உயிரோட போவானா?"ன்னு அவர் திருப்பிக் கேட்டாரு. அதுதான் ஒக்கடு. அந்த அடியோட கனம் அந்த மண்ணுல இருந்து வந்தது.

இப்ப தரணி இடத்துல உக்காந்து பாருங்க. தமிழ்நாட்டுல அந்த ஃபேக்ஷன் கிடையாது. இங்க ரவுடி உண்டு, சாதிச் சண்டை உண்டு, அரசியல்வாதி வீட்டு ஆட்டம் உண்டு. ஆனா "ஃபேக்ஷன் தலைவன்"னு சொன்னா யாருக்கும் உடம்பு சிலிர்க்காது. அந்த ஆளை அப்படியே தூக்கிட்டு வந்திருந்தா நமக்கு அவன் இன்னொரு மீசைக்கார வில்லன், அவ்வளவுதான். தரணி என்ன பண்ணாரு? முத்துப்பாண்டியை மந்திரி வீட்டுப் பையன் ஆக்கினாரு. கேட்டது கிடைச்சே வளந்தவன். ஒரு பொண்ணு வேணாம்னு சொல்றதை அவனால புரிஞ்சுக்கவே முடியலை. "செல்லம்"னு கொஞ்சுவான். கொஞ்சற அதே வாய் அந்தப் பொண்ணோட அண்ணனுங்களைக் கொன்ன வாய். நமக்குச் சிரிப்பு வருது, சிரிச்சு முடிக்கறதுக்குள்ள வயித்தைக் கலக்குது.

கில்லி வந்தப்ப அண்ணாருவை அரக்கோணத்துக்கு இழுத்துட்டு வந்து காட்டினேன். அவருக்குத் தமிழ் பாதிதான் புரியும். கதை தெரியும்கிறதால அது பிரச்சினை இல்லை. இடைவேளையில அவர் சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "ஒபுல் ரெட்டியைப் பாத்தா ஆரம்பத்துலேர்ந்தே பயம். இவனைப் பாத்தா முதல்ல சிரிக்கறாங்க, அப்புறம் பயப்படறாங்க. இது வேற ஆளு." நடிகர் ஒருத்தர்தான். ஆனா ஆளு வேற. அதைக் கேட்டு வாங்கினது டைரக்டர். உங்களுக்கு 2024ல கேட்ட விசில் அதுக்கு விழுந்த விசில்தான்.

இன்னொண்ணு, சார்மினார். ஒக்கடுல ஹீரோ வீடு பழைய ஹைதராபாத்ல. அவனோட இடம் சார்மினார் உச்சி. அதுக்காகவே சார்மினாரை செட் போட்டாங்க. சென்னையில அதுக்கு என்ன பண்ணுவீங்க? தரணி கலங்கரை விளக்கத்தைப் பிடிச்சாரு. ஊரே பாக்கற இடம், ஆனா மேல யார் இருக்கான்னு யாரும் பாக்க மாட்டாங்க. மெட்ராஸ் ஆளுக்குக் கடலும் லைட்ஹவுஸும் என்னன்னு சொல்லித் தரவே வேண்டாம். ஒளிஞ்சிருக்கற பொண்ணுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தோணலை.

கடைசியா உங்க ஃப்ரெண்டுகிட்ட இதைக் கேளுங்க. இதே கதையைக் கன்னடத்துல 2006ல புனித் ராஜ்குமாரை வச்சு அஜய்னு எடுத்தாங்க, அதுலயும் பிரகாஷ்ராஜ்தான். ஹிந்தியில 2015ல தேவர்னு எடுத்தாங்க. அர்ஜுன் கபூர், சோனாக்ஷி, வில்லனா மனோஜ் பாஜ்பாய். எப்பேர்ப்பட்ட நடிகர் அவரு! படம் ஓடலை. கதை மட்டுமே படத்தை ஓட வைக்கும்னா அது ஏன் விழுந்துச்சு?

---

எடிட்டேபிள்_ரவி:

திருத்தணி அண்ணன் சொன்னதுல பாதிக்கு மேல ஒத்துப்போறேன். ஆனா எல்லாத்தையும் தரணி கணக்குல எழுதாதீங்க. தில், தூள், கில்லி மூணுலயும் கேமரா கோபிநாத், மியூசிக் வித்யாசாகர். பழகின கூட்டணி அது. கில்லி எடிட்டிங் லெனின் - வி.டி. விஜயன், நாயகன் படத்தை வெட்டின ஜோடி. வசனம் பரதன். நான் இந்தத் தொழில்ல இருக்கறவன், அதனால சொல்றேன்: கில்லியில ஒரு சீன் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்தது ஓடும். ஸ்கிரிப்ட்ல எழுதினாலும் எடிட் ரூம்ல கை நடுங்காம வெட்டினாத்தான் அது வரும். ஹீரோ முகத்து மேல இன்னும் ரெண்டு செகண்ட் நிக்கலாமேன்னு யாருக்கும் ஆசை வரும். அவங்க நிக்கலை.

பாட்டையும் பாருங்க. ஒக்கடுக்கு மணிசர்மா. இங்க அந்த மெட்டைத் தொடவே இல்லை, வித்யாசாகர் எல்லாத்தையும் புதுசாப் போட்டாரு. கேகேவும் அனுராதா ஸ்ரீராமும் பாடின "அப்படிப் போடு" இல்லாம தமிழ்நாட்டுல ஒரு கல்யாண ஆர்க்கெஸ்ட்ரா நடக்குமா? போக்கிரி அப்படி இல்லை. அங்க தெலுங்கு மியூசிக் டைரக்டர் மணிசர்மாவையே கொண்டு வந்தாங்க, "டோலே டோலே" மெட்டு ரெண்டு படத்துலயும் வரும். ரெண்டுமே ரீமேக்தான், ஆனா ரெண்டும் வேற மாதிரி வேலை.

---

வைகைக்கரை_சுமதி:

எல்லாரும் தரணிக்குப் பங்கு பிரிக்கிறீங்க. நான் மதுரைக்காரி. எங்க பக்கமும் ஒரு கணக்கு இருக்கு, கேளுங்க.

திருத்தணி அண்ணே, ஃபேக்ஷன் ஆந்திரா மண்ணுல நிஜமா இருந்துச்சு, அதனால ஒக்கடு அடிச்சதுன்னு நீங்களே சொல்றீங்க. அந்த பயத்தைத் தூக்கி தரணி எங்க வச்சாரு? மதுரையில. மீனாட்சி அம்மன் கோயில் கோபுரம் பின்னால தெரிய, ஒரு பொண்ணை நடுத்தெருவுல ஒருத்தன் இழுத்துட்டுப் போறான், ஊரே வேடிக்கை பாக்குது. நான் அந்தத் தெருவுல வளந்தவ. அங்க பூக்காரம்மா இருக்காக, பாத்திரக்கடை இருக்கு, ராத்திரி பன்னெண்டு மணிக்கும் இட்லிக்கடையில பொம்பளைங்க நின்னு சாப்பிடுவாக. ஒரு பொண்ணு கத்துனா முதல் சத்தம் அந்தப் பூக்காரம்மாகிட்டேர்ந்துதான் வரும்.

கில்லிக்கு முன்னாடியும் மதுரையை வச்சு வெட்டுக்குத்துப் படம் வந்துச்சு, இல்லைங்கல. ஆனா அந்த அளவு ஓடின படத்துல, வில்லன்னா மதுரை, தப்பிச்சு ஓடணும்னா மதுரையிலேர்ந்து ஓடணும்னு ஆச்சு. நான் சென்னைக்குக் காலேஜ் வந்தப்ப ஹாஸ்டல்ல எங்கிட்ட கேட்ட முதல் கேள்வியே "உங்க ஊர்ல எல்லார் வீட்லயும் அரிவாள் இருக்குமா?"ங்கறதுதான். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாக, ஆனா நெசமாவே கேட்டாக. அதுக்கப்புறம் எத்தனையோ படத்துல ரவுடி வாயத் தொறந்தா எங்க பேச்சுத்தான்.

இவ்வளவும் சொல்றேன், எனக்கு கில்லி பிடிக்கும். மறு ரிலீஸுக்கு என் பொண்ணைக் கூட்டிட்டு மதுரையில போய்ப் பாத்தேன். முத்துப்பாண்டிக்கு எங்க ஊர்லதான் விசில் இன்னும் ஜாஸ்தி, அதையும் மறைக்கல. ஆனா எங்க வச்சுக் கதை சொல்றோம்ங்கறது டைரக்டரோட முடிவுன்னா, அதுனால வர்ற பேரும் அவருக்கு, அந்த ஊருக்கு வர்ற கெட்ட பேருக்குப் பொறுப்பும் அவருக்கு. ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டா எப்படி?

---

கபிலன்04:

சுமதி அக்கா, நீங்க சொன்ன கோணத்துல நான் படத்தைப் பாத்ததே இல்லை. எங்க ஊர் கடலூர், எங்களை வச்சு யாரும் பெருசா மாஸ் படம் எடுக்கலை.

திருத்தணி அண்ணா, ரெண்டு கேள்வி. ஒண்ணு, போக்கிரியைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்லலையே. ரவி அண்ணன் சொல்றபடி மெட்டு வரைக்கும் அங்கேர்ந்தே வந்துச்சு, அதுவும் ஓடிச்சு. அப்ப மண்ணை மாத்தணும்கிற வாதம் என்ன ஆகுது? ரெண்டாவது, ரீமேக் எடுத்தவங்க சொந்தக் கதைக்கு வந்தா நிக்கறாங்களா? தரணியே கில்லிக்கு அப்புறம் குருவி எடுத்தாரு, அந்த அளவு போகலையே.

---

திருத்தணிக்காரன்:

முதல்ல சுமதிக்குப் பதில் சொல்லிடறேன் தம்பி. அம்மா, நீங்க சொன்னது நியாயம். அண்ணாருவும் அன்னிக்கு டீக்கடையில வேற ஒண்ணும் சொன்னாரு. கர்னூல்ல துங்கபத்ரா ஓடுது, அவர் படிச்ச காலேஜ் இருக்கு, அவங்க வீட்ல யாரும் கத்தி பிடிச்சதில்லை. ஆனா ஹைதராபாத்ல வாடகைக்கு வீடு கேட்டா ஊர் பேரைக் கேட்டு யோசிக்கறாங்களாம். பெருமையா எழுந்து நின்ன அதே மனுஷன்தான் இதையும் சொன்னாரு. கொண்டாரெட்டி புருஜு கட்டி எத்தனையோ தலைமுறை ஆச்சு, இப்ப அது மகேஷ் பாபு அடிச்ச இடமாப் போச்சு. குணசேகருக்காவது அங்க நடந்ததை எடுத்தேன்னு சொல்ல ஒரு வழி இருக்கு. தரணிக்கு அது இல்லை. வேற ஊர் பயத்தை மதுரை மேல ஏத்தினது அவர் முடிவுதான். அதை அவர் கணக்குல எழுதத்தான் வேணும்.

போக்கிரிக்கு வர்றேன். பூரி ஜெகன்நாத்தோட போக்கிரி 2006ல வந்துச்சு, பிரபுதேவா 2007 பொங்கலுக்குத் தமிழ்ல கொண்டு வந்தாரு. அந்தக் கதைக்கு மண்ணே தேவையில்லை தம்பி. ஒரு பெரிய நகரம், ரெண்டு கேங், நடுவுல யாருன்னே தெரியாத ஒருத்தன். ஹைதராபாத், சென்னை, பம்பாய் எங்க வச்சாலும் ஓடும். அதனாலதான் பிரபுதேவாவே 2009ல சல்மான் கானை வச்சு ஹிந்தியில வான்டட்னு எடுத்து அங்கயும் ஜெயிச்சாரு. அங்கயும் வில்லன் பிரகாஷ்ராஜ்தான். மாத்த வேண்டிய அவசியம் இல்லாததை மாத்தாம விடறதும் ஒரு கணிப்பு. அப்படியும் தமிழுக்குன்னு ஒண்ணு சேத்தாரே, வடிவேலுவோட பாடி சோடா! இன்னிக்கும் மீம்ல தெனம் வர்றாரே.

ஒக்கடு கதை அந்த ரகம் இல்லை. ஊரை விட்டு ஓடற பொண்ணு, வேற ஊர்ல ஒரு போலீஸ்காரர் வீட்டுக்குள்ளயே ஒளியறா. ரெண்டு ஊரும் நிஜமா இருந்தாத்தான் அந்தப் பதட்டம் நிக்கும்.

ரெண்டாவது கேள்விக்கு, மோகன் ராஜாவைப் பாருங்க. ஜெயம், எம். குமரன், உனக்கும் எனக்கும், சந்தோஷ் சுப்ரமணியம், எல்லாம் தெலுங்கு ரீமேக். "ரீமேக் ராஜா"ன்னே பேர் வச்சாங்க. மனுஷன் 2015ல சொந்தக் கதையோட தனி ஒருவன் எடுத்தாரு. அரவிந்த்சாமியை வில்லனா நிக்க வச்சாரு பாருங்க! அத்தனை வருஷம் எந்த சீன் ஜனங்களை எங்க பிடிக்குதுன்னு பிரிச்சுப் பாத்தவருக்குத்தான் அது வரும். தரணிக்குக் கில்லி அளவுக்கு அப்புறம் அமையலைங்கறது உண்மை. குருவி போகலை, தபாங்கை ஒஸ்தின்னு எடுத்ததும் போகலை. அதுக்காக 2004ல பண்ணது இல்லைன்னு ஆயிடாது.

---

எடிட்டேபிள்_ரவி:

ரீமேக்குனு பேசறப்ப சந்திரமுகியை விட்டுட்டீங்களே. ஃபாசில் 1993ல மலையாளத்துல எடுத்த மணிச்சித்ரதாழு. பி. வாசு முதல்ல கன்னடத்துல ஆப்தமித்ரா எடுத்து, அப்புறம் 2005ல தமிழுக்கு வந்தாரு. ரெண்டு தடவை பிரிச்சுக் கோத்த கதை அது. மூலப்படம் இன்னும் உசரம்னு நான் சொல்வேன், ஆனா சென்னை சாந்தி தியேட்டர்ல எண்ணூறு நாளைத் தாண்டி ஓடினதுக்குக் காரணம் வாசு ரஜினிக்கு ஏத்த மாதிரி கதையைத் திருப்பினது. இதுக்குத் தனியா ஒரு இழை ஆரம்பிச்சா நான் வர்றேன்.

---

வைகைக்கரை_சுமதி:

நன்றி அண்ணே. கர்னூல்காரர் சொன்னதை எடுத்து எழுதினீங்களே, அது போதும். தம்பி கபிலன், உங்க ஃப்ரெண்டுகிட்ட எங்க பூக்காரம்மா கதையையும் சொல்லுங்க.

---

கபிலன்04:

கண்டிப்பா சொல்றேன் அக்கா. இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேந்து ஒக்கடு பாக்கறதா முடிவு பண்ணியிருக்கோம். எங்க யாருக்கும் தெலுங்கு தெரியாது. சப்டைட்டிலோட பாத்தா போதுமா, எதைக் கவனிச்சுப் பாக்கணும்?

---

திருத்தணிக்காரன்:

சப்டைட்டில் போதும். உங்களுக்குக் கதை தெரியும், அதனால வசனத்துல ரொம்ப கண்ணை வைக்காதீங்க. மூணு விஷயம் பாருங்க. பிரகாஷ்ராஜ் உக்கார்ற விதம், கில்லியில அவர் உக்காரவே மாட்டாரு, துள்ளிக்கிட்டே இருப்பாரு. அப்புறம் சகுந்தலாம்மா, அந்த வீட்டோட வெறி எங்கேர்ந்து வருதுன்னு அந்த அம்மாவைப் பாத்தா தெரியும். கில்லியில அந்த அம்மாவுக்கு ஈடா யாருமே மனசுல நிக்கலை, அந்த இடத்துல தரணி கோட்டை விட்டுட்டாருன்னே நான் நினைக்கறேன். மூணாவது, அப்பா. அங்க முகேஷ் ரிஷி, இங்க ஆஷிஷ் வித்யார்த்தி. ரெண்டு பேரும் போலீஸ், ரெண்டு பேரும் கண்டிப்பு. ஆனா பையனும் தங்கச்சியும் அடிச்சுக்கற வீட்டுக் கலாட்டா கில்லியில எவ்வளவு தூக்கலா இருக்குன்னு பக்கத்துல வச்சுப் பாருங்க.

ஒக்கடு முடிச்சு அன்னிக்கே கில்லி போடாதீங்க. ஒரு நாள் விட்டுப் பாருங்க, அப்புறம் இங்க வந்து எழுதுங்க. உங்க ஃப்ரெண்டையும் எழுதச் சொல்லுங்க.